அயல்நாட்டில் ஓர் ஆசான்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு, மொழி தெரியாத ஊரில் முதல் சில மாதங்கள் எப்படிக் கழியும் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கடையில் உப்பும் புளியும் கேட்பதற்குக்கூடக் கையைக் காட்ட வேண்டியிருக்கிறது. நம் வீட்டுச் சிறுவர்களோ தெருவில் விளையாடியே அவ்வூர் மொழியைக் கற்றுக்கொண்டு, நமக்கே மொழிபெயர்ப்பாளர்களாகி விடுகிறார்கள். ரேஷன் கடைக்கும் மருத்துவமனைக்கும் செல்லுகையில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அது சொல்லும் சொல்லை நம்பித் தலையசைத்து நில்லாத பெற்றோர் நம்முள் மிகச் சிலரே.

அமெரிக்க நாட்டின் தேசிய சைக்கிள் அணிக்குப் பயிற்சியாசிரியராக அமர்ந்த ஒருவரும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தார் என்று கேட்டால் அன்பர்கள் வியப்படையலாம். போலந்து நாட்டிலிருந்து வந்த அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு சிறுவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவன் வாய்மொழியாகவே வீரர்களுக்குப் பாடம் நடத்தினார். அவர் பெயர் எட்வர்ட் பொரிசேவிச். அமெரிக்கர் நாவுக்கு அப்பெயர் எளிதில் வசப்படாமையால் ‘எடி பி.’ என்று சுருக்கி அழைத்தனர். அவர் அடைந்த புகழும், அப்புகழின்மேல் படிந்த கறையும் பிள்ளைகளை வளர்க்கும் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை.

இளமையும் இடியும்

எடி பி. 1939-ஆம் ஆண்டில் அன்றைய போலந்தின் வடகிழக்குப் பகுதியில் பிறந்தார். அப்பகுதி இன்று பெலாரஸ் நாட்டைச் சேர்ந்தது. அவர் பிறந்த அவ்வாண்டு செப்டம்பரிலேயே இரண்டாம் உலகப் போர் மூண்டது. போரில் முதலில் சிதைந்தது போலந்துதான்.

போர் முடிந்தபின் அந்நாட்டு மக்கள் பெருவிருப்போடு ஈடுபட்ட விளையாட்டுகளுள் சைக்கிள் பந்தயமும் ஒன்று. 1948-இல் தொடங்கி, வார்சா, பெர்லின், பிராக் ஆகிய தலைநகரங்களை இணைத்துப் பல ஆண்டுகள் நடைபெற்ற ‘சமாதானப் பந்தயம்’ வரும் வழியெங்கும், சாலையோரங்களில் மக்கள் திருவிழாக் கூட்டமாகத் திரண்டு நிற்பார்களாம். அந்தச் சூழலில் வளர்ந்த எடி பி. இளைஞர்களுக்கான தேசியப் பந்தயங்களில் வெற்றி பெற்று, சிறந்த வீரராக வருவார் என்று எண்ணும்படி விளங்கினார்.

அந்நிலையில் அவர் தலையில் இடி விழுந்தது. இராணுவ சேவையில் இருந்தபோது அவரைச் சோதித்த மருத்துவர்கள் க்ஷயரோகம் என்று முடிவு கட்டினர். அதற்குரிய கடுமையான மருந்துகளைக் கொடுத்தனர். உண்மையில் அவருக்கு அந்நோய் இல்லவே இல்லை. இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து இருந்த உடலைக் கெடுத்தது. கல்லீரல் பழுதுற்றது. முன்னணி வீரராக உயரும் ஆசை அத்துடன் அற்றது.

மற்றொருவராயிருந்தால் விதியை நொந்து வீட்டில் முடங்கியிருப்பார். எடி பி. படிக்கப் புறப்பட்டார். வார்சா நகரின் உடற்பயிற்சிக் கல்விக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். இரத்தம் எப்படி ஓடுகிறது, தசை எப்படிக் களைக்கிறது, எவ்வளவு உழைப்புக்குப்பின் எவ்வளவு ஓய்வு வேண்டும் என்பவற்றையெல்லாம் சாத்திர முறையில் கற்றார். தாம் ஓட்ட இயலாத பந்தயத்தைப் பிறர் ஓட்டி வெல்லச் செய்வதே தம் தொழில் என்று கொண்டு, போலந்து வீரர்களுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார்.

ஆங்கிலம் அறியாத ஆசிரியர்

1976-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் நடந்தன. அதையொட்டி வட அமெரிக்காவுக்கு வந்த எடி பி., நியூ ஜெர்சி மாநிலத்தில் நண்பர்களைக் காணச் சென்றார். அங்கிருந்த சைக்கிள் சங்கத்தாரோடு பழக்கம் ஏற்பட்டது. அச்சங்கத்தின் இளைஞர்களுக்கு யோசனைகள் கூறினார். அவருடைய அறிவின் ஆழத்தைக் கண்டவர்கள் அவரைத் தேசிய சைக்கிள் சம்மேளனத்தின் பொறுப்பிலேயே அமர்த்தினர். நண்பரைப் பார்க்க வந்த விருந்தாளி ஒரு நாட்டின் அணிக்கே ஆசிரியரானார்.

அக்காலத்தில் அமெரிக்காவில் சைக்கிள் பந்தயத்தின் நிலை என்ன? ஒரு காலத்தில் அந்நாடு இதில் தலை நிமிர்ந்தே நின்றது. மேஜர் டெய்லர் என்னும் கறுப்பர் இன வீரர் 1899-இல் உலக வெற்றிவீரரானார். நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்க அரங்கில் ஆறு நாட்கள் இரவும் பகலும் நடந்த பந்தயங்களுக்குப் பெருங்கூட்டம் கூடிற்று. பிறகு மோட்டார் வாகனம் பெருகப் பெருக, சைக்கிள் சிறுவர் விளையாட்டுப் பொருளாகத் தாழ்ந்தது. 1912-க்குப் பின் ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் அமெரிக்கா ஒரு பதக்கமும் பெறவில்லை. ஆயினும் பெண்கள் முன்னரே முயன்று எழுந்திருந்தனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷீலா யங் என்பவர் 1973-இலேயே குறுந்தூர விரைவுப் பந்தயத்தில் உலகப் பட்டம் பெற்றவர். ஆடவர் நிலைதான் மிகப் பின்தங்கியிருந்தது.

எடி பி. முதலில் கலிபோர்னியா மாநிலத்தின் ஸ்க்வா பள்ளத்தாக்கிலும், பின்னர்க் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரிலும் பயிற்சி முகாம் நடத்தினார். வந்து நின்ற வீரர்களைப் பார்த்து, பலர் உடற்பருமன் மிக்கவர்கள் என்று முகத்துக்கு நேராகவே கூறினார். மொழிபெயர்த்த சிறுவனுக்கு அச்சொல்லை எடுத்துரைக்க எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! பெயர் பெற்றவர்களைத் தாங்கிக்கொண்டிராமல், பதினேழு பதினெட்டு வயது இளைஞர்களைத் தேடிப் பிடித்தார். மூத்தவர்கள் மனத்தாங்கல் கொண்டனர். அவர் பொருட்படுத்தவில்லை.

பயிற்சியின் முறை

சைக்கிள் பந்தயம் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதிப்பதுதானே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அஃது உண்மையன்று. வேகமாகச் செல்லும் சைக்கிள்காரனுக்குப் பெரும் பகை எதிரில் நிற்கும் காற்று. ஒருவனுக்குப் பின்னால் சக்கரத்தை ஒட்டினாற்போல் வருபவனுக்கு, முன்னவன் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால், கால் பங்குக்கு மேல் உழைப்பு மிச்சப்படும். ஆதலால் எப்போது பின்னால் மறைந்திருப்பது, எப்போது முன்னால் பாய்வது என்பதே பந்தயத்தின் சூட்சுமம். கால் வலிமையோடு கணக்கறிவும் வேண்டும்.

எடி பி. கொண்டுவந்த முறை கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் வளர்ந்த முறை. சோவியத் அறிஞரான மத்வேயெவ் என்பவர் 1960-களில் அதற்குத் தெளிவான வடிவம் கொடுத்தார். அம்முறைப்படி ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி உழைக்கலாகாது. குளிர்காலத்தில் பளுத் தூக்குதல், ஓட்டம், பனிச்சறுக்கு ஆகியவற்றால் உடலை உரமாக்க வேண்டும். இளவேனிலில் நெடுந்தூரம் நிதானமாக ஓட்ட வேண்டும். பிறகு சிறிது நேரம் கடுவேகம், சிறிது நேரம் இளைப்பாறல் என்று மாற்றி மாற்றிப் பழக வேண்டும். இறுதியில், குறிப்பிட்ட பந்தய நாளில் உடல் உச்ச நிலையை எட்டுமாறு உழைப்பைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். காலையில் கண் விழித்ததும் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்வதும் இம்முறையில் ஒரு பாடம். துடிப்பு வழக்கத்துக்கு மேல் மிகுந்தால் உடல் இன்னும் களைப்பாறவில்லை என்று பொருள். அன்று ஓய்வு எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரயில்வே காரியாலயத்தில் கால அட்டவணையோடு நாள்தோறும் மல்லாடும் எனக்கு இம்முறை மிகவும் பிடித்திருக்கிறது. எந்த வண்டி எந்த நிலையத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று வரையறுத்தால்தான் அது குறித்த வேளையில் ஊர் போய்ச் சேரும். நில்லாமல் ஓடும் வண்டி விரைவில் சேரும் என்பது அறியார் எண்ணம். தண்ணீரும் எண்ணெயும் இல்லாமல் அது நடுவழியில் நின்றுபோகும்.

முயற்சி விரைவிலேயே பயன் தந்தது. கிரெக் லெமாண்ட் என்னும் இளைஞரின் திறமையை எடி பி. தம் முகாமிலேயே கண்டுகொண்டார். 1979-இல் அர்ஜென்டைனாவில் நடந்த இளையோர் உலகப் பந்தயத்தில் லெமாண்ட் தங்கப் பதக்கம் வென்றார். அவரே 1986-இல் பிரான்சு நாட்டைச் சுற்றி வரும் புகழ்மிக்க பெரும் பந்தயத்தில் வென்ற முதல் அமெரிக்கராகி, 1989-இலும் 1990-இலும் மீண்டும் வென்றார்.

லாஸ் ஏஞ்சலிஸ், 1984

இனி, ஒலிம்பிக் கதைக்கு வருவோம். ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ பந்தயங்களை அமெரிக்கா புறக்கணித்தது. நான்காண்டுகள் பாடுபட்டுத் தயாரான இளைஞர்கள் வீட்டிலேயே இருந்தனர். அடுத்த பந்தயம் 1984-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்தது. சொந்த மண்ணில் வெல்ல வேண்டும் என்னும் ஆவல் அந்நாட்டில் எவ்வளவு ஓங்கியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1984 ஜூலை 29-ஆம் நாள் சாலைப் பந்தயங்கள் நடந்தன. பெண்களுக்கான சாலைப் பந்தயம் ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடந்தது அன்றுதான். கானி கார்ப்பென்டரும் ரெபெக்கா ட்விக்கும் முடிவுக் கோட்டை ஒருசேர நெருங்கினர். கடைசிக் கணத்தில் கார்ப்பென்டர் சைக்கிளை முன்னே தள்ளி, சக்கர அளவிலும் குறைந்த வித்தியாசத்தில் தங்கம் பெற்றார். ட்விக் வெள்ளி பெற்றார். இருவரும் அமெரிக்கர். ஆடவர் பந்தயத்தில் கனடா வீரரை இறுதி ஓட்டத்தில் முந்தித் தங்கம் வென்றவர் அலெக்ஸி கிரேவால். இவருடைய தந்தையார் நம் இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய சீக்கியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

வட்ட ஓடுதளத்தில் விரைவுப் பந்தயத்தின் தங்கம் மார்க் கார்ஸ்கிக்குக் கிடைத்தது. அவரோடு மோதி வெள்ளி பெற்ற நெல்சன் வேல்ஸ், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்த கறுப்பர் இன இளைஞர். நகரத் தெருக்களில் சைக்கிளில் கடிதக் கட்டுகளைக் கொண்டு சேர்க்கும் வேலை பார்த்தவர். 4,000 மீட்டர் துரத்தல் பந்தயத்தில் ஸ்டீவ் ஹெக் தங்கமும், லெனார்ட் நிட்ஸ் வெண்கலமும் பெற்றனர். அணிப் போட்டிகளில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் கிடைத்தன. ஆக, நான்கு தங்கம், மூன்று வெள்ளி, இரண்டு வெண்கலம் என ஒன்பது பதக்கங்கள். எழுபத்திரண்டு ஆண்டுப் பஞ்சம் ஒரு வாரத்தில் தீர்ந்தது.

இவ்வெற்றியை எடை போடுகையில் ஒன்றை மறக்கலாகாது. சோவியத் நாடும் கிழக்கு ஜெர்மனியும் செக்கோஸ்லோவாக்கியாவும் அம்முறை லாஸ் ஏஞ்சலிஸ் பந்தயங்களைப் புறக்கணித்தன. அவை சைக்கிள் பந்தயத்தில் வல்ல நாடுகள். போலந்தும் வரவில்லை. தாம் பிறந்த நாட்டின் வீரர்கள் வராத களத்தில்தான் எடி பி. தம் வாழ்வின் மிகப் பெரிய வெற்றியைக் கண்டார்.

குருதிக் கறை

வெற்றி முழக்கம் அடங்கி ஆறு மாதம் ஆகவில்லை. 1985 ஜனவரியில் ஒரு செய்தி வெளியாயிற்று. அமெரிக்க சைக்கிள் அணியினருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பந்தயத்துக்கு முன் தம் உடலில் இரத்தம் ஏற்றிக்கொண்டனர் என்பதே அச்செய்தி. அவர்களுள் பதக்கம் பெற்றவர்களும் இருந்தனர்.

இதன் பொருளை விளக்குதல் அவசியம். நாம் உட்கொள்ளும் மூச்சிலுள்ள பிராணவாயுவைத் தசைகளுக்குச் சுமந்து செல்பவை இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள். அவை மிகுந்தால் களைப்புத் தோன்றாமல் நெடுநேரம் உழைக்கலாம். மலைப்பாங்கான ஊரில் தங்கிப் பயில்வோருக்கு இவ்வணுக்கள் இயற்கையாகவே சற்றுப் பெருகும். கொலராடோ ஸ்பிரிங்ஸ் 6,000 அடி உயரத்தில் இருப்பதன் நன்மையும் அதுவே. ஆனால் சிலர் குறுக்கு வழி கண்டனர். சொந்த இரத்தத்தை முன்கூட்டி எடுத்துப் பத்திரப்படுத்தி, உடல் அக்குறையை நிரப்பிக்கொண்ட பின் பந்தயத் தறுவாயில் திரும்ப ஏற்றிக்கொள்வது அவ்வழி. அதற்குப் பல வாரங்கள் வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் அதற்கு அவகாசம் இல்லை. ஆகவே உறவினர் முதலிய பிறரிடம் பெற்ற இரத்தத்தை, ஆஸ்பத்திரியில் அன்று, ஓட்டல் அறையொன்றில் வைத்து ஏற்றினர். சிலருக்கு உடல் நலம் குன்றிற்று. எய்ட்ஸ் நோய்க் கிருமி இரத்தத்தில் உளதா என்று கண்டறியும் பரிசோதனை 1985-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் இவர்கள் எத்தகைய அபாயத்தோடு விளையாடினர் என்பதை எண்ணும்போது உடல் நடுங்குகிறது.

எவரையும் வற்புறுத்தவில்லை என்று கூறினர். வேண்டாமென மறுத்தவர்களும் அணியில் இருந்தனர் என்பது உண்மையே. ஒலிம்பிக் விதிகளில் அப்போது இதற்கு வெளிப்படையான தடை இல்லை என்பதும் உண்மையே. அதனாலேயே பதக்கங்கள் எவரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை. ஆனால் சைக்கிள் சம்மேளனம் அந்த ஜனவரியிலேயே இச்செயலைத் தடை செய்தது. பின்னர் ஒலிம்பிக் குழுவும் தடை விதித்தது. எடி பி.க்கு முப்பது நாட்கள் சம்பளமின்றி வேலை நீக்கம் தண்டனையாகக் கிடைத்தது.

எழுத்தில் தடை இல்லாதது எல்லாம் செய்யத் தக்கது ஆகிவிடுமா? என் மனத்தை உறுத்துவது இதுதான். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துத் தம் இளமையைக் குலைத்த மருத்துவர்களால் வேதனையை அனுபவித்தவர் எடி பி. நோயில்லா உடலில் மருந்துக் குழாயை நுழைத்தால் என்ன நேரும் என்பதை அவரைப் போல் அறிந்தவர் அந்த அணியில் எவர் இருந்திருக்க முடியும்? அவர் கண்காணிப்பில் இருந்த இளைஞர்களுக்கே அது நேர்ந்தது. நாடியைத் தொட்டுப் பார்த்து, இன்று ஓய்வெடு என்று கற்பித்த அதே பயிற்சி முகாமிலிருந்து வந்தவர்கள்தாம் அந்த ஓட்டல் அறையில் கையை நீட்டிப் படுத்தார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆசான் சறுக்கினால் அவன்மேல் ஏறியிருப்பவர்களும் அல்லவா விழ நேரிடும்?

பிற்காலம்

ஒரு பிழைக்காக ஒருவருடைய தொண்டு முழுவதையும் தள்ளிவிடுவதும் நீதியன்று. சாலைப் பந்தயப் பயிற்சி பற்றி அவர் எழுதிய நூல் 1985-இல் வெளிவந்து, அந்நாட்டு இளைஞர் பலருக்கு வழிகாட்டியாயிற்று. தேசியப் பதவியை விட்டபின் தனியார் அணிகளை நடத்தினார். 1990-இல் அவர் அணியில் ஓட்டிய இளைஞர்களுள் ஒருவர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். 1999 முதல் 2005 வரை பிரான்சுப் பெரும் பந்தயத்தில் ஏழுமுறை வென்ற அவர், ஊக்க மருந்து உட்கொண்டது மெய்ப்பிக்கப்பட்டு, 2012-இல் அவ்வேழு பட்டங்களையும் இழந்தார். அவ்வெற்றிகள் தொடங்கு முன்பே எடி பி. அந்த அணியிலிருந்து விலகியிருந்தார். ஆகவே அப்பழியை இவர்மேல் ஏற்றுவது தகாது. ஆயினும், வழியைப் பாராமல் வெற்றியைப் பார்க்கும் நோய் ஒரு விளையாட்டில் புகுந்துவிட்டால் எவ்வளவு ஆழம் வேர் விடும் என்பதற்கு அது சான்று.

எடி பி. 2020 நவம்பரில், கொரோனா நோயினால், தாம் பிறந்த போலந்து நாட்டிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 81. அமெரிக்க சைக்கிள் பந்தயத்தின் மறுமலர்ச்சிக்கு வித்திட்டவர் என்று அந்நாட்டார் அவரை நினைவுகூர்ந்தனர். அது முற்றிலும் பொருந்தும்.

நமக்கு என்ன?

போலந்துக்காரர் ஒருவரின் கதை நம் சங்கத்து ஏட்டில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவரைப் போலவே நாமும் கைத்திறனையும் படிப்பையும் மட்டும் மூலதனமாகக் கொண்டு அயலூர் வந்தவர்கள். வந்த இடத்தில் நம்மை மெய்ப்பித்துக் காட்ட வேண்டும் என்னும் வேட்கை நமக்கு மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே இருக்கிறது. அந்த வேட்கையை நம் பிள்ளைகள்மேல் ஏற்றுகிறோம். பரீட்சையில் முதல் மதிப்பெண், நுழைவுத் தேர்வில் முதல் வரிசை, பந்தயத்தில் முதற்பரிசு என்று எல்லாவற்றிலும் முதலிடமே கேட்கிறோம். இரவு பதினொரு மணிக்கும் விளக்கை அணைக்க விடாமல் படிக்க வைக்கும் வீடுகள் நம்முள் எத்தனை! அவர்களின் நாடியை ஒரு நாளேனும் தொட்டுப் பார்க்கிறோமா?

எடி பி.யின் முதல் பாடம், உழைப்புக்கு முறையும் ஓய்வும் வேண்டும் என்பது. அவர் தம்மையறியாமல் நமக்கு விட்டுச் சென்ற இரண்டாம் பாடம், பிள்ளையின் உடலும் மனமும் நம் வெற்றிக்குச் செலவிடும் பணம் அல்ல என்பது.

1984-இல் அவருக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை, ஆங்கிலம் கற்றுவிட்டார். ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த ஓட்டல் அறைக்குப் போவதற்கு முன் வீரர்களிடம் சொன்ன சொற்களை, முன்பு பக்கத்தில் நின்ற அந்தச் சிறுவனின் வாயால் சொல்ல வேண்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? ‘நீ பருமனாக இருக்கிறாய்’ என்பதை அவன் கூச்சத்தோடு சொல்லியிருப்பான். ‘நாளை ஓய்வெடு’ என்பதை மகிழ்ச்சியோடு சொல்லியிருப்பான். இதை அவனிடம் சொல்லச் சொல்ல எவருக்கேனும் மனம் வந்திருக்குமா? ஒரு குழந்தையின் வாயால் சொல்லத் தகாத வழி எதுவோ, அது எத்தனை பதக்கம் தந்தாலும் நமக்கு வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு யோசனை சொல்லுமுன் இந்த ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.